கைக்கு எட்டும் கனி

தகடூர் என்னும் பெயர் தமிழ் கற்றார் நெஞ்சில் நிலைபெற்றிருக்கும் பெயராகும். இன்று தருமபுரி என வழங்கும் அவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்த செய்தி அனைவரும் அறிந்ததே. அக்கனி பெரிய மலையின் பிளவில், ஏறுதற்கு அரிய இடத்தில் பழுத்திருந்தது. அதனை மரத்திலேயே விட்டுவைத்து, "வேண்டுவோர் ஏறிப் பறித்துக் கொள்க" என்று அவன் கூறியிருந்தால், நாடெல்லாம் நடந்து களைத்து வந்த புலவருக்கு அதனால் என்ன பயன் விளைந்திருக்கும்? கனியைக் கொணர்ந்து கையில் சேர்த்தான். ஆதலின் அவன் கொடை நிறைவுற்றது.

இக்காலத்தில் கணினி உலகிலும் அத்தகைய கனி ஒன்று உண்டு. அதனை விலையின்றி எவரும் பெறலாம். அதன் பெயர் லினக்ஸ். ஆயினும் தொழில்நுட்பம் பயிலாத எளிய மக்களுக்கு அது மலையுச்சிக் கனியாகவே பலகாலம் இருந்து வந்துள்ளது. அதனைத் தம் கணினியில் நிறுவிக்கொள்ளும் வழி கரடுமுரடானது. அவ்வழியில் உள்ள இடர்கள் எவை, அவற்றை நீக்க முயன்றோர் யாவர், நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கணினி என்பது வெறும் பொறி. அதற்குள் மின்சுற்றுகளும் நினைவகமும் வட்டும் உள்ளன. இவற்றைத் தக்கவாறு ஏவி வேலை வாங்குவதற்கு ஓர் ஆணைத்தொகுதி வேண்டும். அதனை இயங்குதளம் என்பர். ஒரு வீட்டில் யார் எப்பணியை எப்பொழுது செய்ய வேண்டும் என்று வகுத்து நடத்தும் இல்லத்தலைவி போன்றது அது. விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் மற்றோர் இயங்குதளம்.

1983-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், எவரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளம் ஒன்றைப் படைக்க எண்ணி, 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டின் எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இளைஞர், இயங்குதளத்தின் உள்ளீடாகிய கருவைத் தாமே எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தே இன்று லினக்ஸ் எனப் பொதுவாக வழங்கும் இயங்குதளம் ஆயின. இதனைப் பெற்றவர் எப்பணிக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எவ்வாறு அமைந்துள்ளது என ஆராயலாம், படியெடுத்துப் பிறர்க்கு அளிக்கலாம், திருத்தியும் வெளியிடலாம். இந்நான்கு உரிமைகளும் உடைய மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்பர்.

லினக்சின் ஆற்றலைப் பற்றி ஐயம் வேண்டா. உலகின் மிகப் பெரிய மீக்கணினிகள் ஐந்நூற்றின் பட்டியல் ஒன்று ஆண்டுதோறும் இருமுறை வெளியிடப்படுகிறது. 2017 நவம்பர் முதல் அப்பட்டியலில் உள்ள கணினிகள் அனைத்தும் லினக்சிலேயே இயங்குகின்றன. நம் மக்கள் கையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசிகளின் கருவும் லினக்சே. தருமபுரிக்கும் கிருட்டினகிரிக்கும் இடையே, நெடுஞ்சாலையோரம் அமைந்த காரிமங்கலத்துச் சந்தைக்குத் தேங்காய் கொண்டுவரும் உழவர், விலை கேட்கத் தம் கைப்பேசியை எடுக்கிறார். அதனுள் லினக்ஸ் இயங்குவதை அவர் அறியார். அறிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. கைப்பேசியைச் செய்தவர்களே அதனை உள்ளே நிறுவிக் கொடுத்துவிட்டனர்.

இங்கே ஓர் உண்மை விளங்குகிறது. லினக்சைப் பயன்படுத்துதல் கடினமன்று; அதனை நிறுவுதலே கடினம். விண்டோசைத் தாமே நிறுவியவரும் பொதுமக்களுள் மிகச் சிலரே. கடையில் வாங்கும்பொழுதே அது உள்ளே அமைந்திருக்கிறது. கட்டி முடித்த வீட்டில் குடிபுகுந்தவரையும், தாமே கடைக்கால் தோண்டத் தொடங்கியவரையும் ஒப்பிட்டு, "அவருக்கு எளிது, இவருக்கு அரிது" என்று கூறுதல் நடுநிலை ஆகாது.

அவ்வாறாயின், எளியவர் ஏன் இம்முயற்சியில் இறங்க வேண்டும்? தேவையே அவரை இறக்குகிறது. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு வழங்கப்பட்டு வந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. சிறிது காலம் அவற்றை நீட்டித்துப் பெறத் தனி வழி உண்டெனினும் அது நிலையான தீர்வன்று. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு முதலியன இல்லாத பழைய கணினிகளை ஏற்பதில்லை. பொறி நல்ல நிலையில் இருக்கும். ஆயினும் அதற்குரிய இயங்குதளம் காவலற்றுப் போகும். புதுக் கணினி வாங்க வல்லவர் வாங்குவர். வாங்க இயலாதார்க்கு லினக்சே வழி.

காரிமங்கலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஓர் உழவர் குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். அவ்வீட்டு மகள் காரிமங்கலத்திலுள்ள அரசு மகளிர் கல்லூரியில் பயில்கிறாள். தந்தை, மாம்பழப் பருவத்தில் கிடைத்த பணத்தில், பிறர் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை அவளுக்கு வாங்கித் தந்துள்ளார். அது விண்டோஸ் 10 கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏலாதது. லினக்சைப் பற்றித் தோழி ஒருத்தி கூறக் கேட்டு, மாணவி அதனை நிறுவத் துணிகிறாள். அவள் செல்லும் வழியே நாமும் செல்வோம்.

வாயிலிலேயே முதல் இடர் அவளை மறிக்கிறது. லினக்ஸ் என்று ஒரே பொருள் இல்லை. கருவோடு பல்வேறு மென்பொருள்களைச் சேர்த்துத் தொகுத்த வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. தெபியன், உபுண்டு, பெடோரா, மின்ட் என அவற்றின் பெயர்கள் நீள்கின்றன. ஒவ்வொன்றையும் புகழ்வார் உளர், இகழ்வாரும் உளர். நகைக்கடைக்குள் முதன்முறை நுழைந்தவர் போல அவள் திகைக்கிறாள். தேர்ந்தெடுக்கும் உரிமை அறிந்தவருக்குச் செல்வம், அறியாதவருக்குச் சுமை.

ஒருவாறு ஒன்றைத் தேர்ந்துகொள்கிறாள். சில கிகாபைட்டு அளவுள்ள பெருங்கோப்பு ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, பென்டிரைவ் என்னும் விரல் அளவுச் சேமிப்பானில் படியெடுத்து வைக்கிறாள். கணினியோ அதனைக் கண்டுகொள்ளவில்லை. பிழை எங்கே? அக்கோப்பைப் பிற கோப்புகளைப் போல வெறுமனே படியெடுத்தல் கூடாது. அதற்கென அமைந்த ரூபஸ், எட்சர் போன்ற மென்பொருளால் சேமிப்பானில் முறைப்படி எழுதுதல் வேண்டும். கேழ்வரகு விதையைக் கட்டிய பையோடு வயலில் வைத்துவிட்டால் நாற்று முளைக்குமா? பையைப் பிரித்துப் பரவலாகத் தூவினால் அன்றோ முளைக்கும்! இவ்வேறுபாட்டை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லாததை அறியாதது அவள் குற்றமன்று.

மூன்றாவது இடர் கணினியின் தொடக்க வாயில். மின்விசையை அழுத்தியவுடன் கணினி தன் வட்டிலுள்ள இயங்குதளத்தையே நாடும். சேமிப்பானை நாடச் செய்வதற்கு, தொடங்கிய ஓரிரு நொடிகளுக்குள் ஒரு விசையை அழுத்த வேண்டும். அவ்விசை கணினிக்குக் கணினி வேறுபடும். சிலவற்றில் எஃப்2, சிலவற்றில் எஃப்12, வேறு சிலவற்றில் எஸ்கேப் அல்லது டெலீட். சரியான விசையை அழுத்தினாலும் உள்ளே தோன்றும் திரை ஆங்கிலத்தில் அமைந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல், தகுந்த மின்னொப்பம் பெற்ற மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் பூட்டு ஒன்று கணினிகளில் பரவலாயிற்று. உபுண்டு முதலிய பெரிய வழங்கல்கள் அவ்வொப்பத்தைப் பெற்றுள்ளன. சிறிய வழங்கல்கள் சில பெறவில்லை. அவற்றை நிறுவ வேண்டுமாயின் அப்பூட்டை நீக்க வேண்டும். வட்டு பிட்லாக்கர் என்னும் மறையாக்கத்தால் காக்கப்பட்டிருந்தால் வேறொரு சிக்கலும் எழக்கூடும். தொடக்க அமைப்பு மாறியதைக் கண்ட விண்டோஸ், 48 இலக்கம் கொண்ட மீட்புத் திறவெண்ணைக் கேட்கும். அது கையில் இல்லையெனில் தன் கோப்புகளைத் தானே காண இயலாத நிலை உண்டாகும்.

நான்காவது இடரே எல்லாவற்றினும் கொடியது. அது வட்டினைப் பகுத்தல் ஆகும். ஒரு நிலத்தை இரு சகோதரர் பங்கிட்டுக் கொள்வதுபோல, ஒரே வட்டில் விண்டோசுக்கு ஒரு பகுதியும் லினக்சுக்கு ஒரு பகுதியும் வகுக்கலாம். வரப்பைச் சரியாக இட்டால் இருவரும் இனிது வாழலாம். எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட்டால் ஒருவர் பங்கு மறைந்துபோகும். நிறுவும் திரையில் இரண்டு வழிகள் தோன்றுகின்றன. முன்னுள்ள இயங்குதளத்தோடு சேர்த்து நிறுவுதல் ஒன்று. வட்டு முழுவதையும் அழித்து நிறுவுதல் மற்றொன்று. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவான எழுத்தில் நிற்கின்றன. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஒரு விரல் அசைவே.

அத்திரையின் முன் மாணவியின் கை நிற்கிறது. அந்தக் கணினியில் அவளுடைய கல்லூரிக் கட்டுரைகள் உள்ளன. வீட்டுப் பட்டாவின் படி ஒன்று உள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்த பாட்டியின் படங்கள் உள்ளன. அவற்றுக்கு வேறு படி இல்லை. அருகில் அமர்ந்திருந்த தந்தை கேட்கிறார்: "கண்ணு, இதை அமுக்கினால் ஆத்தா படம் போய்விடுமா?"

"தெரியவில்லை, அப்பா" என்கிறாள் மகள்.

அவள் கணினியை மூடி வைத்துவிடுகிறாள்.

இச்செயலைக் கோழைமை என்று கருதுவோரும் உளர். தொழில்நுட்பம் கற்றவருள் சிலர், "இவ்வளவு எளியதைச் செய்ய இயலாதா?" என்று நகைப்பதும் உண்டு. அந்நகைப்பு அறிவுடைமை ஆகாது. தான் அறியாத ஒன்றால் தன் குடும்பத்தின் அரிய பொருள் அழியக்கூடும் என உணர்ந்து நின்ற மாணவியே விழிப்புடையவள். அவள் தந்தை நீர் இறைக்கும் மோட்டார் பழுதுற்றால் தாமே கழற்றிச் செப்பனிடுவார்; மண்ணின் நிறம் கண்டு எரு இடுவார்; மாட்டின் நடை கண்டு நோய் கூறுவார். அவருக்கு அறிவில்லை என்று எவர் சொல்லுவர்? ஒரு துறையின் வழக்கம் அறியாமை வேறு, அறிவின்மை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதிய பிழையாலேயே நல்ல கருவிகள் பல மக்களைச் சென்று சேராமல் நின்றன.

நிறுவிய பின்னும் இடர் முற்றிலும் தீர்வதில்லை. கணினியின் ஒவ்வோர் உறுப்பையும் இயக்க அதற்குரிய இயக்கி மென்பொருள் வேண்டும். உறுப்புகளைச் செய்யும் நிறுவனங்களுள் சில, தம் இயக்கிகளின் உள்ளமைப்பை வெளியிடுவதில்லை. அதனால் சில கணினிகளில் கம்பியில்லா இணையம் லினக்சில் உடனே இயங்காது. இணையம் கிடைக்க இயக்கி வேண்டும். இயக்கியைப் பெற இணையம் வேண்டும். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கயிறு கிணற்றுக்குள்ளேயே விழுந்து கிடந்தால் என் செய்வது? அறிந்தவர் தம் கைப்பேசியைக் கம்பி வழியாகக் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டு இயக்கியை இறக்கிக்கொள்வர். அறியாதவர், "லினக்ஸ் பயனற்றது" என்று முடிவு கட்டிவிடுவர்.

இவ்விடர்களை லினக்சை வளர்த்தோர் உணரவில்லை என்று கருதற்க. அவர்களுள் பலர் வாயிற்படியைத் தாழ்த்தப் பெரிதும் உழைத்துள்ளனர். 2000-ஆம் ஆண்டில் செருமனி நாட்டின் கிளாஸ் நாப்பர் என்பார் 'நாப்பிக்ஸ்' என்னும் வழங்கலை வெளியிட்டார். அது வட்டில் எதையும் எழுதாமல் குறுவட்டிலிருந்தே இயங்கியது. நிறுவுவதற்கு முன்னரே லினக்சை ஓட்டிப் பார்க்கும் வழி அதனால் பரவிற்று. 2004-இல் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் சட்டில்வொர்த் தொடங்கிய உபுண்டு, நிறுவும் முறையைச் சில எளிய வினாக்களாகச் சுருக்கியது. இணைய விரைவு குறைந்திருந்த அந்நாளில், வேண்டுவோர்க்கு அதன் குறுவட்டு அஞ்சல் வழியாக விலையின்றி அனுப்பப்பட்டது. 2011 வரை அக்கொடை நடைபெற்றது. தெபியன் குழுவினர் தம் கொள்கை காரணமாக, உள்ளமைப்பு வெளியிடப்படாத நுண்நிரல்களை நெடுங்காலம் தம் நிறுவு வட்டில் சேர்த்திலர். 2022-இல் தம்முள் வாக்கெடுத்து முடிவை மாற்றினர். 2023 சூனில் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல் அவற்றையும் சேர்த்து வழங்குகின்றனர். எளியவர் வாயிலில் நின்று வருந்துவதைக் கண்டு கதவை அகலத் திறந்த செயல் இது.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடந்துள்ளது. மைய அரசின் சி-டாக் நிறுவனம் தன் சென்னைக் கிளையில், தெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் வழங்கலை உருவாக்கியது. 2007-இல் வெளிவந்த அது, தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றுக்கு இடம் தந்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் முன்னரே நிறுவப்பட்டிருந்தது. பகுத்தலும் வாயில் விசையும் மாணவரை வருத்தவில்லை. கனி பறித்துக் கையில் தரப்பட்டது எனலாம்.

ஆயினும் அங்கேயும் ஒரு குறை தோன்றியது. தொடங்கும்பொழுது இரண்டு பெயர்கள் திரையில் தெரியும். ஒன்று அறிமுகமானது; மற்றொன்று அறிமுகமற்றது. அதனுள் என்ன உள்ளது என்று காட்டுவார் இல்லாத இடங்களில், மாணவர் பலர் அதனைத் திறந்தும் பாராமல் விட்டனர். கனியைக் கையில் தந்தால் மட்டும் போதாது. அதன் சுவையை அறிவிக்கவும் ஒருவர் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அண்டையிலுள்ள கேரளம் அதனை உணர்ந்து செயற்பட்டது. 2001-இல் தொடங்கிய அம்மாநிலத்தின் பள்ளித் தகவல்தொழில்நுட்பத் திட்டம், சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளுக்கு உரியதாக்கியது. அங்கே முதலில் பயிற்சி பெற்றவர் ஆசிரியர். பாடநூலும் தேர்வும் லினக்சைச் சார்ந்தே அமைந்தன. பள்ளிகளுக்கு வேண்டிய மென்பொருள்கள் அனைத்தையும் ஒருசேரத் தொகுத்த தனி வழங்கல் உருவாக்கப்பட்டது. 2019-இல் வெளிவந்த அதன் பதிப்பு இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு என அமைந்தது. அங்குள்ள மாணவர் நம் மாணவரினும் கூர்மதி உடையவர் என்பதனால் இது நிகழவில்லை. ஐயம் எழுந்தபொழுது கேட்பதற்கு ஓர் ஆசிரியர் அருகில் இருந்தார், அதனால் நிகழ்ந்தது.

தமிழ்நாட்டிலும் அத்தகைய துணை முற்றிலும் இல்லாமற் போகவில்லை. 2018-இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோசோடு உபுண்டுவும் பாடமாக இடம்பெற்றது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு கூடி, வருவோர் ஐயங்களைத் தீர்த்து வந்துள்ளது. விழுப்புரத்தில் அமைந்த குனு லினக்ஸ் பயனர் குழு, ஊர்ப்புற மாணவர்க்குப் பயிற்சி அளிக்கிறது. 2012 முதல் 'கணியம்' என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் வெளியிட்டு வருகிறது. பயனர் குழுவினர் சில வேளைகளில் நிறுவு விழா என ஒன்று நடத்துவர். கணினியோடு வருவோர்க்கு, அறிந்தவர் அருகிருந்து லினக்சை நிறுவிக் கொடுப்பர். திருவிழாவில் அன்னம் பாலிப்பது போன்ற அறம் இஃது.

மொழியும் ஓர் இடரே. ஆங்கிலத்தில் தோன்றும் எச்சரிக்கையின் பொருள் விளங்காமல் விசையை அழுத்துதல், படிக்காமல் பத்திரத்தில் கைந்நாட்டு வைப்பதை ஒக்கும். லினக்ஸ் இங்கே நமக்கு உரிமை தருகிறது. எவரும் திருத்தலாம் ஆதலின், தமிழன்பர் தாமே முன்வந்து அதன் திரைச்சொற்களைத் தமிழாக்கியுள்ளனர். தெபியனின் நிறுவு திரைகளையே தமிழில் காண இயலும். 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைமுறையை லினக்சிலும் அமைத்துக் கொள்ளலாம். எனினும் இன்னும் பல சொற்கள் மொழிபெயர்க்கப்படாமலும், சில சொற்கள் பொதுமக்களுக்கு விளங்காத நடையிலும் உள்ளன. அப்பணி தமிழ் கற்ற மாணவரை எதிர்நோக்கி நிற்கிறது. நிரல் எழுத அறியாதவரும் நல்ல தமிழ் எழுத அறிந்தால் இதில் பங்கு கொள்ளலாம்.

மூடி வைத்த கணினியோடு நின்ற மாணவியை மறந்துவிடலாகாது. மறுநாள் அவள் அதனைக் கல்லூரிக்கு எடுத்துச் செல்கிறாள். மூத்த மாணவி ஒருத்தியிடம் நிகழ்ந்ததைக் கூறுகிறாள்.

"அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. பாட்டி படம் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது."

"பயப்பட வேண்டாம், தங்கச்சி. முதலில் படங்களை வேறொன்றில் எடுத்து வைப்போம். பிறகு உன் விருப்பம்."

மூத்தவள் ஒழுங்கு தவறாது செயற்படுகிறாள். முதலில் பாட்டியின் படங்களையும் கட்டுரைகளையும் பட்டாவையும் தனிச் சேமிப்பான் ஒன்றில் படியெடுத்து, அவை நன்றாகத் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். அடுத்து, வட்டு மறையாக்கம் பெற்றுள்ளதா என ஆராய்கிறாள். பின்னர், லினக்சை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயக்கி, இணையம் கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, தமிழ் எழுத முடிகிறதா என்று சோதிக்கிறாள். எல்லாம் நன்றாக இயங்குவது கண்ட பின்னரே நிறுவும் திரைக்குச் செல்கிறாள். அத்திரை வந்தபொழுது அவள் விசையை அழுத்தவில்லை. இளையவள் கையைப் பிடித்து, "நீயே படித்துப் பார்த்து அழுத்து" என்கிறாள்.

நிறுவுதல் ஒரு மணி நேரத்திற்குள் முடிகிறது. அன்று மாலை வீட்டில், தந்தை பார்க்க வேண்டிய முதல் பொருளாகப் பாட்டியின் படத்தையே மகள் திறந்து காட்டுகிறாள். அடுத்த வாரம் அவள் தன் தோழியின் கணினியில் லினக்சை நிறுவ உதவுகிறாள்.

முதல் நாள் இயலாதது மறுநாள் இயன்றது எவ்வாறு? மென்பொருள் மாறவில்லை, கணினி மாறவில்லை, மாணவியின் அறிவும் ஓரிரவில் வளர்ந்துவிடவில்லை. அறிந்த ஒருவர் அருகில் இருந்தார். அவ்வளவே. தொழில்நுட்பத்தின் இடர்களுள் பல, தனிமையில் நிற்பவருக்கே மலையாகத் தோன்றுகின்றன. துணை உள்ளவருக்கு அவை படிகளாகிவிடுகின்றன.

ஆதலின் லினக்சைப் படைப்போர்க்கு ஒரு கடமை உண்டு. அழிக்கும் விசையையும் காக்கும் விசையையும் வேறுபாடு தோன்ற அமைக்க வேண்டும். எச்சரிக்கைகளை மக்கள் மொழியில் எழுத வேண்டும். அரசுக்கும் பள்ளிக்கும் ஒரு கடமை உண்டு. கருவியோடு கற்பிப்பாரையும் சேர்த்து வழங்க வேண்டும். கற்றவர்க்கும் ஒரு கடமை உண்டு. அறியாதவரை நகைத்தல் விடுத்து, அவர் அருகில் அமர வேண்டும்.

காரிமங்கலத்தில் குன்றின்மேல் அருணாசலேசுவரர் கோயில் விளங்குகிறது. முதன்முறை அக்குன்றில் ஏறுகின்ற முதியவரிடம் எவரும், "உமக்கு ஏறத் தெரியாதா?" என்று கேட்பதில்லை. அருகில் செல்பவர் கை கொடுக்கிறார். உச்சியை அடைந்ததும் இருவரும் ஒன்றாக நின்று வணங்குகின்றனர். அதியமான் அளித்த கொடையின் சிறப்பும் அதுவே. அரிய கனியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அது அனைவருக்கும் பொது என்று அவன் கூறவில்லை. புலவரின் கையில் வைத்தான். கட்டற்ற மென்பொருளும் கற்றவர் ஒவ்வொருவரின் உதவியால் கல்லாதவர் கையை அடையுமாயின், அன்றே அது உண்மையில் பொதுப்பொருள் ஆகும்.

பயிற்சி

1. லினக்சைப் பயன்படுத்துதலுக்கும் நிறுவுதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கைப்பேசியைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
2. வட்டினைப் பகுத்தல் நிலத்தைப் பங்கிடுதலோடு ஒப்பிடப்பட்டது ஏன்?
3. மாணவி முதல் நாள் கணினியை மூடி வைத்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. தமிழ்நாட்டு மடிக்கணினித் திட்டமும் கேரளப் பள்ளித் திட்டமும் நமக்கு உணர்த்துவன யாவை?
5. நீர் நன்கறிந்த ஒரு செயலை, அதனை அறியாத முதியவர் ஒருவருக்குக் கற்பிப்பது போல ஒரு பக்க அளவில் எழுதுக.